எந்த குரூப் என்று கேட்பதற்கு முன்

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரணியாறும் காளங்கியும் பழவேற்காடு ஏரியில் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும். கோடையில் முகத்துவாரம் மண்மூடிவிட்டால் கடலையும் மிஞ்சி உப்பு ஏறும். கடலில் பொரித்த இறால் குஞ்சு அந்த முகத்துவாரம் வழியாகத்தான் ஏரிக்குள் வந்து வளர்கிறது. இதில் வேதியியல் எது, விலங்கியல் எது என்று அங்குள்ள பிள்ளைகள் பிரித்துப் பார்ப்பதில்லை. வாய் அடைத்துக்கொண்டால் வருமானம் போச்சு என்பது அவர்களுக்குத் தெரியும்.

பத்தாம் வகுப்பு வரை நம் தேர்வும் பிரிப்பதில்லை. அறிவியலுக்கு ஒரே தாள்: எழுத்துக்கு 75, செய்முறைக்கு 25. பதினொன்றில்தான் வழி பிரிகிறது: பயோ-மேத்ஸ், பியூர் சயின்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ், காமர்ஸ், தொழிற்கல்வி.

சேர்க்கை நேரத்தில் ஏரிக்கரைப் பள்ளி ஒன்றின் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். நண்டு விற்றுவிட்டு நேரே வந்திருந்த ஒரு தாய், கூடையைப் படியோரம் வைத்துவிட்டு, மதிப்பெண் பட்டியலை முந்தானையில் துடைத்து நீட்டினார். "சார், மீன் ஆபீஸ் வேலைக்குப் போகணும்னா எது படிக்கணும்?" ஆசிரியர் நல்லவர்தான். "உயிரியலுக்கு இங்க ஆள் இல்லம்மா. கம்ப்யூட்டர் சயின்ஸ்ல போட்டுடலாம், நல்லா படிக்கிற பொண்ணு." அந்தம்மா தலையாட்டினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அங்கிருந்து ஏறக்குறைய 20 கி.மீ. தொலைவில், பொன்னேரியில், டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி இருக்கிறது. மீன்வள அறிவியல் பட்டத்தின் பொதுப்பிரிவில் சேர இயற்பியல், வேதியியலோடு உயிரியல், அல்லது தாவரவியலும் விலங்கியலும் படித்திருக்க வேண்டும். நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2021 முதல் மீன்வளப் படிப்புக்கும் உண்டு. அந்தப் பெண்ணுக்கு இத்தனை கதவுகளும் அந்த வராந்தாவிலேயே சாத்தப்பட்டன. சாத்தியவருக்கும் அது தெரியாது.

2019 செப்டம்பரில் அரசு ஓர் ஆணை போட்டது நினைவிருக்கும். நான்கு முதன்மைப் பாடங்களுக்குப் பதில் மூன்று போதும், உயிரியல் எடுப்பவர் கணிதத்தை விடலாம், கணிதம் எடுப்பவர் உயிரியலை விடலாம் என்றது. அடுத்த ஆண்டே அது திரும்பப் பெறப்பட்டது. சுமை குறையும் என்று நம்மில் பலர் அதை வரவேற்றோம். ஏரிக்கரைப் பிள்ளைகளை வைத்துப் பார்த்தால் திரும்பப் பெற்றதே சரி என்பேன். மீன்வள அறிவியலுக்கு உயிரியல் வேண்டும், மீன்வளப் பொறியியலுக்குக் கணிதம் வேண்டும். பயோ-மேத்ஸ் படித்த பிள்ளைக்கு இரண்டும் திறந்திருக்கும். வழிசொல்ல வீட்டில் ஆளில்லாத பிள்ளையைப் பதினைந்து வயதில் ஒரு பாடத்தைக் கைகழுவச் சொல்வது நியாயமில்லை. ஆனால் அந்த ஆணை செய்யவிருந்ததை, நிரப்பப்படாத பணியிடம் ஒன்று ஓசையில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. அறிவியல் ஆசிரியர் சங்கங்கள் கோரிக்கைப் பட்டியலில் இதை முதலில் வைக்க வேண்டும்.

பணியிடம் நிரம்பும்வரை நம்மால் ஆவதும் உண்டு. "கணக்கு வராது, பயோ-மேத்ஸ் வேண்டாம்" என்று பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்த்து முடிவுகட்டுவதை நாம் விட வேண்டும். எந்தத் தலைக்கட்டு எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று முறைவைத்துப் பகிரும் 'பாடு' வழக்கத்தில் வளர்ந்த பிள்ளை அது. அந்தக் கணக்கை ஒருமுறை கரும்பலகையில் போடச் சொல்லிப் பாருங்கள். ஏரித் தண்ணீரை மழைக்குப் பின்னும் கோடையிலும் ஒவ்வொரு பாட்டில் எடுத்துவரச் சொல்லி, சம அளவு காய்ச்சி, எஞ்சும் உப்பை நிறுக்கச் சொல்லுங்கள்.

ஒன்பதாம் வகுப்பிலேயே பெற்றோரைக் கூப்பிட்டு, எந்த குரூப் எந்தப் படிப்புக்குப் போகும் என்று பேசுங்கள். நம் பள்ளியில் அந்த குரூப் இல்லையென்றால் பொன்னேரியில் எந்தப் பள்ளியில் இருக்கிறது, பேருந்து எத்தனை மணிக்கு என்பதையும் சொல்லுங்கள். கூட்டத்துக்குத் தகப்பன்மார் வருவதில்லை என்பார்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் அவர்கள் கடலுக்குப் போக முடியாது, கரையில்தான் இருப்பார்கள். தேதியைக் கேட்டுவைத்துக்கொண்டு அன்று கூட்டம் போடுங்கள்.