எலும்புப் புற்றுநோய்: ஜீன் டெஸ்ட் முடிவை முன்கூட்டியே சொல்லிடுமா?

டீன் ஏஜ் பையனுக்கு முழங்கால் பக்கம் வலி, லேசான வீக்கம். கிரிக்கெட்டில் அடிபட்டிருக்கும் என்றுதான் வீட்டில் நினைப்பார்கள். ஆஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்றுநோய் பல நேரம் இப்படித்தான் தலைகாட்டுகிறது. 10 முதல் 20 வயதுக்குள் இது அதிகம்.

இதற்கு முதலில் சுமார் 10 வாரம் கீமோ, பிறகு ஆபரேஷன். வெட்டியெடுத்த எலும்பை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். புற்றுசெல்களில் 90 சதவீதமாவது செத்திருந்தால் நல்ல அறிகுறி. டாக்டர்கள் பெரிதும் நம்பும் கணிப்பு இன்றைக்கும் இதுதான். சிக்கல் என்னவென்றால், இது தெரிய அந்த 10 வாரம் ஆகிவிடும். முதல் நாளே தெரிந்தால்?

அங்கேதான் ஜீன் பயோமார்க்கர் வருகிறது. கட்டியில் 'மிக்' என்ற ஜீன் அளவுக்கு மேல் பெருகியிருந்தால் விளைவு மோசமாக இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் ஆஸ்டியோசார்கோமாவில் குரோமோசோம்களே உடைந்து தாறுமாறாக ஒட்டியிருக்கும். 'டிபி53' பழுது நிறைய பேருக்கு உண்டு. ஆனாலும் ஒரே ஜீனை வைத்து எல்லோருக்கும் தீர்ப்பு எழுத முடியாது.

சரி, தெரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம்? 17 நாடுகளில் 2,260 நோயாளிகளைச் சேர்த்த 'யூராமோஸ்-1' ஆய்வில், கீமோவுக்குச் சரியாகப் பலன் தராதவர்களில் ஒரு பிரிவினருக்குக் கூடுதலாக இரண்டு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 2016-ல் வந்த முடிவு: பலன் கூடவில்லை, பக்கவிளைவுதான் கூடியது. மாற்று மருந்து இல்லாமல் கணிப்பு மட்டும் கையில் இருந்து என்ன செய்ய? 'ஜீன் பேனல் எடுங்க' என்று யாராவது சொன்னால், 'ரிசல்ட் வந்தா சிகிச்சையில எது மாறும்?' என்று தாராளமாகக் கேட்கலாம்.

பரம்பரை விஷயம் வேறு. 1,200-க்கும் மேற்பட்ட ஆஸ்டியோசார்கோமா நோயாளிகளை ஆராய்ந்து 2020-ல் வெளியான ஆய்வில், 28 சதவீதம் பேருக்குப் பிறவியிலேயே புற்றுநோய் தொடர்பான ஜீன் மாற்றம் இருந்தது. குடும்பத்தில் இளம் வயதிலேயே பலருக்குப் புற்றுநோய் வந்திருந்தால், அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். அங்கே ஜீன் டெஸ்டுக்கு உண்மையிலேயே வேலை இருக்கிறது.

நம்மூர் டேட்டா இன்னும் குறைவு. சென்னை ஐஐடி 2025 பிப்ரவரியில் வெளியிட்ட பாரத் புற்றுநோய் ஜீனோம் அட்லஸ், 480 மார்பகப் புற்றுநோயாளிகளின் மாதிரிகளோடு தொடங்கியது. எலும்பு மாதிரி அரிய வகைகளுக்கு அந்த அளவு மாதிரி சேர்ப்பதே பெரிய வேலை.

இப்போதைக்குக் கையில் இருப்பது எக்ஸ்ரே. இரவில் எழுப்பும் வலியோ வீக்கமோ இரண்டு, மூன்று வாரத்தில் போகவில்லை என்றால், கட்டு போடுவதற்கும் எண்ணெய் தேய்ப்பதற்கும் முன்னால் அதை எடுத்துவிடுவது நல்லது. ஊரப்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறினால் ஒரு பக்கம் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, இன்னொரு பக்கம் கிண்டியில் இறங்கி அடையாறு புற்றுநோய் மையம். சந்தேகம் வந்தால் பயாப்ஸியை மட்டும் அவசரப்பட்டு எங்கேயோ எடுக்க வேண்டாம். ஊசி தவறான இடத்தில் போனால் காலைக் காப்பாற்றும் ஆபரேஷனே சிக்கலாகலாம்; ஆபரேஷன் செய்யப்போகும் குழுவே அதை எடுப்பதுதான் முறை.