அம்புக்குறி இட்ட குதிரைகள்

கெய்ரோ தெருக்களில் அன்று குதிரைகளுக்குப் பஞ்சமில்லை. கல் ஏற்றிய வண்டிகளையும் மணல் வண்டிகளையும் ஆள் ஏற்றும் வண்டிகளையும் அவைதான் இழுத்தன. எலும்பும் தோலுமாய், புழுதி அப்பி, எல்லாம் ஒரே சாயலில் இருந்தன. உற்றுப் பார்த்தால் மட்டும் சில குதிரைகளின் தோலில், மயிர் உதிர்ந்த வடுவாக, சூடு போட்ட ஓர் அம்புக்குறி தெரியும். பிரிட்டிஷ் அரசின் உடைமை என்பதற்கான முத்திரை அது. முதல் உலகப் போர் முடிந்து 12 ஆண்டுகள் ஆகியிருந்தன. போரில் ஓடிய குதிரைகள் இன்னும் ஓய்வு பெறவில்லை.

1930இல் கணவருடன் எகிப்து வந்திறங்கிய டோரதி ப்ரூக்கின் கண்கள் அந்த அம்புக்குறியைத் தேடிக்கொண்டே இருந்தன. கணவர் ஜெஃப்ரி ப்ரூக் அங்கிருந்த பிரிட்டிஷ் குதிரைப்படையின் தளபதி. அந்தப் பதவிக்குரிய விருந்துகளிலும் குதிரைப் பந்தயங்களிலும் டோரதியின் நாட்கள் கழிந்திருக்கலாம். அவரோ போர்க்குதிரைகள் என்ன ஆயின என்று கேட்டுக்கொண்டு நகரின் ஏழைக் குடியிருப்புகளுக்குள் நடந்தார்.

போருக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து மட்டும் 1,30,000க்கும் மேற்பட்ட குதிரைகள் கடல் கடந்தன. ‘வேலர்’ என்று அழைக்கப்பட்ட உரமான இனம் அது. பிறந்த இடமான நியூ சவுத் வேல்ஸ் என்ற பெயரிலிருந்தே அந்தப் பெயர் வந்தது. தமிழ்நாட்டுக்கும் இந்த இனம் புதிதல்ல. பிரிட்டிஷ் இந்தியப் படைகளுக்காகப் போருக்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே அவை கப்பல் கப்பலாகச் சென்னைக்கு வந்து இறங்கியிருக்கின்றன.

1917 அக்டோபர் 31 அன்று மாலை, பாலைவன ஊரான பீர்ஷெபாவை நோக்கி ஆஸ்திரேலியக் குதிரைவீரர்கள் சுமார் 800 பேர் பாய்ந்தார்கள். அந்தக் குதிரைகளில் பல ஏறத்தாழ இரண்டு நாட்களாகத் தண்ணீர் காணாதவை. ஊருக்குள் கிணறுகள் இருந்தன. துருக்கியரின் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே ஓடி, பதுங்குகுழிகளைத் தாண்டி, அந்த ஊரைப் பிடித்துக் கொடுத்தவை அந்த நாலு கால் ஜீவன்கள்தான்.

போர் முடிந்ததும் வீரர்கள் கப்பலேறினார்கள். குதிரைகள் ஏறவில்லை. கொண்டுபோகச் செலவு அதிகம், நோய் பரவும் அச்சம் வேறு. வயதானவையும் நோயுற்றவையும் சுட்டுக் கொல்லப்பட்டன. திடமானவை வேறு படைகளுக்குப் போயின. எகிப்தில் இருந்தவற்றுள் ஏறத்தாழ 20,000 குதிரைகள் உள்ளூர்க்காரர்களுக்கு விற்கப்பட்டன. ஆஸ்திரேலியாவிலிருந்து போன அத்தனை குதிரைகளில் சொந்த மண்ணுக்குத் திரும்பியது ஒன்றே ஒன்று. அதன் பெயர் சாண்டி. கலிப்போலியில் குண்டடிபட்டு இறந்த மேஜர் ஜெனரல் பிரிட்ஜஸின் குதிரை அது.

விற்கப்பட்ட குதிரைகள் டோரதியின் கண்ணில் பட்டபோது அவற்றுக்கு வயது 20ஐத் தாண்டிவிட்டது. குதிரைக்கு அது முதுமை. பல், மென்று மென்று தேய்ந்திருக்கும். மூட்டு இறுகியிருக்கும். சில குதிரைகளுக்குக் கண்பார்வையே போயிருந்தது. அந்த நிலையிலும் முதுகிலும் தோளிலும் சேணம் உராய்ந்த புண்களோடு அவை நாள் முழுக்கப் பாரம் இழுத்தன.

1931 ஏப்ரலில் லண்டனின் ‘மார்னிங் போஸ்ட்’ நாளிதழில் டோரதியின் கடிதம் ஒன்று வெளியானது. நம் பிள்ளைகளோடு போருக்குப் போனவை இங்கே இந்தக் கதியில் கிடக்கின்றன, இவற்றை வாங்கிக் காக்கப் பணம் அனுப்புங்கள் என்பதுதான் அதன் சாரம். அலங்காரம் எதுவும் இல்லாத அந்தக் கடிதத்துக்கு வந்து குவிந்த தொகை, இன்றைய மதிப்பில் சுமார் 20,000 பவுண்டுக்கு இணையானது. டோரதி ஒரு குழுவை அமைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 5,000 போர்க்குதிரைகளை அந்தக் குழு விலைகொடுத்து வாங்கியது.

வாங்கிய குதிரைகளை லாயத்துக்குள் அழைத்துவரும் காட்சியை டோரதி தன் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். வாசலிலேயே அவை தயங்கி நிற்கும். தாறுமாறாக லாடம் அடிக்கப்பட்டுக் கோணிப்போன குளம்பு, மெத்தென்று பரப்பிய வைக்கோல் தூளில் படும். மறுபடியும் நிற்கும். தலையைத் தாழ்த்தி மோந்து பார்க்கும். நம்புவதா வேண்டாமா என்பது போல அங்கேயே நிற்கும். பிறகு சில குதிரைகள் தொட்டி நிறையக் குவித்த பசும்புல்லை நோக்கி ஆவலோடு அடியெடுத்து வைக்கும். மற்றவை மூட்டு நோக மெல்லச் சரிந்து, கழுத்தையும் கால்களையும் நீட்டி அப்படியே படுத்துவிடும். லாயத்து ஆட்கள் பக்கத்தில் உட்கார்ந்து கையால் ஊட்டுவார்கள்.

இப்படி வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரு சில நாட்கள்தான் அந்த லாயத்தில் இருந்தன. குணப்படுத்த வழியில்லாத அளவுக்கு உடல் நொறுங்கியிருந்தது. வயிறாரத் தீனி, குடிக்க நல்ல தண்ணீர், படுக்க மெத்தை, அதட்டாத குரல். இவற்றைக் கொடுத்து, ஓய்ந்திருக்க விட்டு, அதன்பின் வலியின்றி உயிர் பிரிய வழி செய்தார்கள். ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து வாங்கிச் சாகடிப்பதா மீட்பு என்று கேட்கத் தோன்றும். அந்த லாயத்துக்குள் ஒருமுறை நின்றவருக்கு அப்படிக் கேட்க மனம் வராது. அந்தக் குதிரைகளுக்கு மிச்சமிருந்தது இன்னும் சில மாதத்துப் பாரமும் சவுக்கடியும், கடைசியில் தெருவில் ஒரு சரிவும்தான். அதிலிருந்து விடுவித்ததும் மீட்புதான்.

டோரதியின் பணியில் மிகப் பெரியது இதுவும் அல்ல. அவர் குதிரைகளைப் பறிமுதல் செய்யச் சொல்லி அதிகாரிகளிடம் போகவில்லை. குதிரைக்காரருக்கு விலை கொடுத்தார். அந்த மனிதரும் பசியில்தான் இருந்தார். பிள்ளைகளின் அன்றாடக் கஞ்சி, அந்த நொண்டிக் குதிரை நாளை எழுந்து நிற்பதைப் பொறுத்திருந்தது. கிழட்டுக் குதிரையைப் பிடுங்கிக்கொண்டால் அவர் இன்னொரு குதிரையைக் கடனுக்கு வாங்குவார். அதற்கும் அதே புண் வரும். போர்க்குதிரைகள் எல்லாம் தீர்ந்த பிறகும் கெய்ரோவில் வண்டி இழுக்கும் குதிரைகளும் கழுதைகளும் இருந்துகொண்டேதான் இருக்கும் என்பது டோரதிக்குப் புரிந்தது.

அதனால் 1934இல் அவர் ஒரு மருத்துவமனை தொடங்கினார். பெயர், ‘முதிய போர்க்குதிரைகள் நினைவு மருத்துவமனை’. உழைக்கும் விலங்குகளுக்கு அங்கே கட்டணமின்றிச் சிகிச்சை. வண்டிக்காரர் தன் குதிரையைப் பயமின்றிக் கூட்டிவரலாம். புண் ஆறும்வரை விட்டுச் செல்லலாம். டோரதி 1955இல் எகிப்திலேயே காலமானார். அவர் விதைத்தது ‘ப்ரூக்’ என்ற பெயரில் இன்று ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்க நாடுகளில் இயங்குகிறது. வட இந்தியச் செங்கல் சூளைகளில் கல் சுமக்கும் குதிரைகளும் கோவேறு கழுதைகளும்கூட அதன் பராமரிப்பில் வருகின்றன.

அந்தப் பழைய குதிரைகள் தாம் பழகிய மொழியையும் பழகிய மக்களையும் நினைவு வைத்திருந்தன என்று டோரதி நம்பினார். பாசத்தில் சொன்ன பேச்சு என்று அதை ஒதுக்கிவிட முடியாது. 2016இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 28 குதிரைகளிடம், முன்பின் தெரியாத மனிதர்களின் படங்களைக் காட்டினார்கள். ஒன்றில் சிரித்த முகம், மற்றதில் கோபமுகம். கோபமுகத்தைக் கண்டதும் குதிரைகளின் இதயத்துடிப்பு வேகமாக ஏறியது. அச்சுறுத்தலைப் பார்க்கும்போது செய்வதுபோலத் தலையைத் திருப்பி இடக்கண்ணால் பார்த்தன. 2018இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஒருவரின் கோபமுகத்தைப் படத்தில் பார்த்த குதிரை, அதே நாளில் சில மணி நேரம் கழித்து அந்த மனிதரே எந்த உணர்ச்சியும் காட்டாமல் நேரில் வந்து நின்றபோதும் அவரை இடக்கண்ணால் பார்த்தது.

நார்வேயில் 23 குதிரைகளுக்கு மூன்று பலகைகளைக் காட்டிப் பழக்கினார்கள். ஒன்றை மூக்கால் தொட்டால் முதுகில் போர்வை போடுவார்கள், இன்னொன்றைத் தொட்டால் எடுத்துவிடுவார்கள், மூன்றாவதைத் தொட்டால் இருப்பது இருந்தபடியே. 14 நாட்களுக்குள் எல்லாக் குதிரைகளும் கற்றுக்கொண்டன. மழையும் குளிருமான நாட்களில் போர்வை கேட்டன, வெயில் அடித்தபோது எடுக்கச் சொல்லின. தம் பேச்சு எடுபடுகிறது என்று தெரிந்ததும் அவை பயிற்சியாளரைத் தேடிக் கூப்பிடவும் தொடங்கின. இத்தனை நுட்பமாக மனிதரைப் படிக்கிற ஒரு பிராணி, ஒவ்வொரு நாளும் அடி விழும் கையை எப்படிப் பார்த்திருக்கும் என்று நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது.

நம் ஊர்களிலும் இதே கதைதான். ஊட்டியில் சுற்றுலாப் பயணிகளைச் சுமக்கும் குதிரைகள் வயதாகிவிட்டாலோ கால் பிசகிவிட்டாலோ தெருவில் விடப்படுகின்றன. குப்பைத்தொட்டியில் பிளாஸ்டிக்கோடு சேர்த்து மேய்கின்றன. இருட்டில் வாகனங்களில் அடிபடுகின்றன. மலைக்குக் கீழே, மசினகுடி அருகே உள்ள ஒரு விலங்குகள் காப்பகம் இப்படிப்பட்ட குதிரைகளையும் கழுதைகளையும் ஏற்று வளர்க்கிறது. 2020 ஊரடங்கில் மெரினா கடற்கரை வெறிச்சோடியபோது சவாரிக் குதிரை வைத்திருந்தவர்களின் வருமானம் ஒரே நாளில் நின்றது. குதிரைக்காரர் வீட்டு அடுப்பும் குதிரையின் தீனித்தொட்டியும் ஒன்றாகவே காலியாயின. தன்னார்வலர்கள் தீவனம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

காப்பகம் நடத்துவது ஒருநாள் தர்மம் இல்லை. நானூறு கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்குச் சுமார் எட்டுக் கிலோ உலர்தீவனம் வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவ வேண்டும். பல் தேய்ந்த குதிரைக்கு ஊறவைத்துக் குழைத்த தீனிதான் இறங்கும். நன்கு பேணினால் குதிரை 25, 30 ஆண்டுகள் வாழும். பதினைந்து வயதில் வேலைக்கு உதவாது என்று கைவிடப்பட்ட குதிரையை ஏற்றுக்கொள்பவர், அடுத்த பத்து ஆண்டுகளுக்கும் அதற்குமேலும் பொறுப்பேற்கிறார். கூட்டமாக வாழும் பிராணி என்பதால் துணைக்கு இன்னொரு குதிரையும் வேண்டும். அரசும் சுற்றுலாத் துறையும் சவாரிக்கு உரிமம் கொடுக்கும்போதே அந்தக் குதிரையின் முதுமைக்கும் ஒரு பங்கு எடுத்துவைக்கும் ஏற்பாடு வேண்டும். குதிரைக்காரருக்கு இலவச மருத்துவமும் லாடக்காரரும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். டோரதி அன்று கெய்ரோவில் செய்துகாட்டிய வழி அதுதான்.

குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொடுக்கும் இடம் ஒன்று உண்டு, கழுத்து முதுகோடு சேரும் மேட்டில். அங்கே மனிதக் கை சொறிந்தாலும் குதிரையின் இதயத்துடிப்பு தணிகிறது என்று பிரெஞ்சு ஆய்வு ஒன்று 1993இல் அளந்து சொன்னது. மீட்கப்பட்டுப் புதிதாக வந்த குதிரை, முதல் நாட்களில் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கும். கை ஓங்கினால் கண்ணின் வெள்ளை தெரியும். பராமரிப்பவர் பேசிக்கொண்டே பக்கவாட்டில் வந்து நின்று, அந்த மேட்டில் விரல்களை வைத்து மெல்லச் சொறியத் தொடங்குகிறார். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு காது தளர்ந்து பக்கவாட்டில் சாயும், கழுத்து தாழும், மேலுதடு நீண்டு துடிக்கும். விரல்கள் நின்றதும் குதிரை அரையடி நகர்ந்து, தோளைக் கைக்கு அடியில் கொண்டுவந்து வைக்கும்.