மூன்று மில்லிமீட்டர் செங்கல்

 

பொம்மை இரயில் என்றதும் நம் நினைவில் ஓடுவது, பெருநாள் காசில் பிள்ளைகளுக்கு வாங்கித் தந்த தகர வண்டிதான். சாவி கொடுத்தால் கூடத்தை இரண்டு முறை சுற்றிவரும். மூன்றாம் நாள் சக்கரம் கழன்று கட்டிலுக்கடியில் கிடக்கும். ஆனால் வளர்ந்த மனிதர்கள் சிலர் இந்தச் சின்னஞ்சிறு இரயிலுக்காகத் தம் ஆயுளின் பெரும்பகுதியையே செலவிட்டிருக்கிறார்கள் என்றால் வியப்பாக இல்லையா? இஃது வீண் விளையாட்டா, அல்லது இதில் நாம் பெற்றுக்கொள்ளத்தக்க படிப்பினை ஏதேனும் உண்டா? இம்மாதம் அதையே சற்றுச் சிந்திப்போம்.

இங்கிலாந்து நாட்டின் ஆக்ஸ்போர்டுஷயர் பகுதியில் லாங் விட்டன்ஹாம் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே உள்ள பெண்டன் அருங்காட்சியகத்தில் ஒரு பள்ளத்தாக்கே சுருங்கி வந்து அமர்ந்திருக்கிறது. வயல்களும் வேலிகளும், கூரை வேய்ந்த குடிசைகளும், அவற்றினூடே செல்லும் இருப்புப்பாதையும், அப்பாதையில் ஓடும் நீராவி இரயில்களும் 1920, 1930 ஆகிய ஆண்டுகளையொட்டி அந்நாட்டுப்புறம் எவ்வாறு இருந்ததோ அவ்வாறே அங்கு காட்சி தருகின்றன.

இதனைத் தொடங்கியவர் ராய் இங்கிலாண்ட் என்பவர். பெயரில்தான் இங்கிலாண்ட், பிறந்தது ஆஸ்திரேலியாவில். 1925-ஆம் ஆண்டு கடல் கடந்து வந்த அந்த இளைஞர், 'வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கு' என வழங்கும் நிலப்பகுதியைக் கண்டு மனத்தைப் பறிகொடுத்தார். சுண்ணாம்புக் குன்றின் சரிவில் ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு செதுக்கப்பட்ட மாபெரும் குதிரை வடிவத்தால் அப்பள்ளத்தாக்குக்கு அப்பெயர் வந்தது. லண்டன் நகரையும் பிரிஸ்டல் நகரையும் இணைத்து 1841-இல் முழுமையடைந்த கிரேட் வெஸ்டர்ன் இரயில் பாதை அதன் வழியே செல்கிறது.

அழகைக் கண்ட அதே கண்கள் அழிவையும் கண்டன. தலைமுறை தலைமுறையாக நின்ற குடிசைகள் இடிக்கப்பட்டன. வைக்கோல் வேய்ந்த கூரைகளை அகற்றிவிட்டுக் கல்நார்த் தகடுகளை ஏற்றினார்கள். கிராமத்தின் முகமே மாறிக்கொண்டு வந்தது. அவற்றைத் தடுத்து நிறுத்தும் அதிகாரமோ, விலைகொடுத்து வாங்கிக் காக்கும் செல்வமோ அவரிடம் இல்லை. அவரிடம் இருந்தவை கூர்மையான கண்களும் பொறுமையான கைகளும்தான். மறைந்துபோகும் முன் இவற்றைச் சிறிய அளவிலேனும் அப்படியே செய்து வைத்துவிட வேண்டும் என்று அவர் உறுதி பூண்டார்.

அவர் கைக்கொண்ட அளவை எளிதாக விளக்கலாம். உண்மையில் ஓரடி இருப்பது மாதிரியில் 4 மில்லிமீட்டர். அதாவது எழுபத்தாறில் ஒரு பங்கு. ஆறடி மனிதர் 24 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்பார். ஒன்பது அங்குலச் செங்கல்லோ வெறும் 3 மில்லிமீட்டர். இருபதடி நீளமும் பத்தடி உயரமும் கொண்ட ஒரேயொரு சுவரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட செங்கற்கள் வந்துவிடும். அச்சடித்த செங்கல் தாளை ஒட்டினால் அரைமணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். அங்கே அவ்வாறு செய்வதில்லை. அட்டையில் ஒவ்வொரு செங்கல்லையும் கூர்முனையால் கீறி, ஒன்று சற்றுச் சிவந்தும் மற்றொன்று சற்றுக் கருத்தும் தோன்றுமாறு நீர்வண்ணத்தால் தனித்தனியே தீட்டுகிறார்கள். கூரை வேய்வதற்குக் குழாய் வேலைக்காரர்கள் பயன்படுத்தும் சணல் நார். தோட்டத்துப் பூச்செடிக்கும் இதே கவனம்தான்.

இவையெல்லாம் கற்பனையில் உதித்த வீடுகளும் அல்ல. உண்மையாக நின்ற வீடுகளைத் தேடிச் சென்று, அளவெடுத்து, நிழற்படம் பிடித்து, பழைய நிலை எப்படி இருந்ததென விசாரித்து அறிந்த பின்னரே அட்டையில் கத்தி படும். வீடுகள் நின்ற ஊர்கள் பல. அவற்றை ஒரே காட்சியில் கொண்டுவருவதற்காகப் 'பெண்டன் பார்வா' என்றொரு கற்பனைக் கிராமத்தை அமைத்தார்கள். ஊர் கற்பனை; அதிலுள்ள வீடுகள் மெய். இதை அவர்கள் மறைக்கவும் இல்லை.

இவ்வாறு ஓர் இணக்கம் ஏன் தேவைப்பட்டது? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மைல் தொலைவை இந்த அளவில் செய்தாலே 21 மீட்டருக்கு மேல் நீளும். பத்து மைல் பள்ளத்தாக்கை அப்படியே செய்ய எந்தக் கூடம் போதும்? ஆகவே பெரிய மாதிரி இரயில் அமைப்பு எதுவாயினும், தொலைவைச் சுருக்கியே தீரவேண்டும். குகைக்குள் நுழையும் வண்டி, மலைக்குப் பின்னால் பார்வையாளர் காணாத தடங்களில் காத்திருந்து, வேறொரு வண்டி போன பின்பு வெளிவரும். எங்கே சுருக்கலாம், எங்கே சுருக்கக் கூடாது என்று அறிவதே இக்கலையின் சூட்சுமம்.

சுருக்கக் கூடாத இடத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு இருப்புப்பாதையின் அகலம். இங்கிலாந்தில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள அகலம் 4 அடி எட்டரை அங்குலம். 4 மில்லிமீட்டர் அளவுக்கு அது 18.83 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். கடையில் விற்கும் தடமோ 16.5 மில்லிமீட்டர்தான். பார்ப்பவரில் பெரும்பாலோர் இக்குறையைக் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆயினும் பெண்டனில் அந்த ஆயத்தப் பாதையை ஏற்காமல், உண்மைக்கு நெருக்கமான 18 மில்லிமீட்டர் அகலத்தில் தாங்களே தடம் அமைத்தார்கள். தடம் மாறினால் சக்கரம் மாறும். சக்கரம் மாறினால் வண்டியின் அடிப்பாகம் மாறும். கை வில்லியம்ஸ் என்ற கைதேர்ந்த கலைஞர் நீராவி இயந்திரங்கள் பலவற்றை இதற்கெனவே தம் கையால் செய்தளித்தார். எவரும் கேட்காத குறையைத் தானே களைவது எவ்வளவு உயர்ந்த பண்பு! எச்செயலையும் செம்மையுறச் செய்யும் இப்பண்பைத்தானே நம் மார்க்கம் இஹ்ஸான் என்று போற்றுகிறது?

அளவில் பெண்டனை விஞ்சும் அமைப்பு ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்தில் இருக்கிறது. ஃபிரெடெரிக், கெரிட் பிரவுன் என்னும் இரட்டைச் சகோதரர்கள் பழைய கிடங்குக் கட்டடம் ஒன்றில் தொடங்கிய 'மினியாட்டூர் வுண்டர்லாண்ட்' 2001-ஆம் ஆண்டு மக்களுக்குத் திறக்கப்பட்டது. எண்பத்தேழில் ஒரு பங்கு அளவில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரயில்கள். கணினி வழிநடத்தப் பல கிலோமீட்டர் தடத்தில் அவை ஓடுகின்றன. சில நிமிடங்களுக்கொரு முறை பொழுது சாய்ந்து, வீடுகளில் விளக்கெரிகிறது. 2011-இல் விமானங்கள் எழும்பி இறங்கும் விமான நிலையமும் சேர்ந்தது. அதைக் கண்டு வாய்பிளக்கிறோம். பெண்டனில் குனிந்து ஒரு குடிசையின் சன்னலைப் பார்க்கும்போதோ வாயடைத்து நிற்கிறோம். முன்னது மனிதனின் ஆற்றலைக் காட்டுகிறது. பின்னது, போனது திரும்பாது என்பதைக் காட்டுகிறது.

'இவ்வளவு காலத்தையும் பொருளையும் இதற்கா செலவிடுவது?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. தொழுகையை மறக்கடிக்கும், குடும்பக் கடமையை ஒதுக்கச் செய்யும் எந்தப் பொழுதுபோக்கும் நமக்கு ஆகாது. உருவங்கள் செய்வது குறித்த கேள்வியும் எழும். வீடு, பாலம், மரம், மலை ஆகியவற்றைச் செய்வதில் தடையில்லை என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. உயிருள்ளவற்றின் உருவங்களைப் பற்றிக் கருத்து வேறுபாடு இருப்பதால், ஐயமுள்ளவர்கள் தங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவது நலம்.

ஆனால் ராய் இங்கிலாண்டின் உழைப்பை வீண் என்று ஒதுக்கிவிட என்னால் இயலவில்லை. 1954-ஆம் ஆண்டு பெண்டனை நிறுவிய அவர் 1995-இல் காலமானார். பள்ளத்தாக்குக் காட்சி அப்போதும் முடிந்திருக்கவில்லை. ஒரு குடிசைக்கே மாதங்களும் ஆண்டுகளும் ஆகும் வேலையில், முழுக்காட்சியையும் தம் கண்ணால் காண முடியாதென்று அவர் அறியாதவரல்லர். அறிந்தும் அவசரப்படவில்லை, தரத்தைக் குறைத்து விரைந்து முடிக்கவும் இல்லை. தம்முடன் சேர்ந்த தொண்டர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். ஊதியம் கருதாத அத்தொண்டர்களின் வழிவந்தவர்கள் அதே முறையில் பணியைத் தொடர்கிறார்கள். இறுதிநாள் நெருங்கிவிட்ட வேளையிலும் கையிலுள்ள பேரீச்சங்கன்றை நட்டுவிடுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் கேட்டிருக்கிறோம். கனியை எண்ணாமல் கன்றை நடுவது எப்படி என்பதற்கு, எங்கோ வாழ்ந்த இம்மனிதரின் வாழ்வு ஒரு விளக்கமாக அமைந்திருக்கிறது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். முற்றமும் திண்ணையும் தேக்குத் தூணும் கொண்ட பழைய வீடுகள் நம் ஊர்களிலும் ஒவ்வொன்றாய் மறைகின்றன. பாகம் பிரிப்பதும், அயல்நாட்டுச் சம்பாத்தியத்தில் புதுவீடு எழுப்புவதும் தவறில்லை. தேவை கருதியே செய்கிறோம். ஆனால் இடிக்கும் முன் அவ்வீட்டை அளந்து வைத்தவர் நம்மில் எத்தனை பேர்? நன்னி அமர்ந்து தஸ்பீஹ் ஓதிய திண்ணை எத்தனை அடி நீளம்? பழைய பள்ளிவாசலின் ஹவுளுக்கு எத்தனை படிகள்? பத்து ஆண்டுகள் கழித்துப் பேரப்பிள்ளை கேட்டால் நாம் கையை விரித்துத்தான் காட்டவேண்டியிருக்கும்.

பள்ளி விடுமுறையில் உங்கள் பிள்ளைகளிடம் ஓர் அளவுநாடாவையும் ஒரு குறிப்பேட்டையும் கொடுங்கள். வீட்டின் சுவர்களையும் கதவுகளையும் அளந்து எழுதச் சொல்லுங்கள். ஓரடிக்கு 4 மில்லிமீட்டர் என்று கணக்கிட்டுப் பழைய அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டச் சொல்லுங்கள். விகிதக் கணக்கும் வரும், பொறுமையும் வரும். அவர்கள் அளந்துகொண்டிருக்கும்போது, 'இந்த அறையில்தான் உன் வாப்பா பிறந்தார்' என்று சொல்லிவையுங்கள். சுவர் கோணலாக ஒட்டப்பட்டிருந்தாலும் குறை கூறாதீர்கள். அளவு சரியாக இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

நமக்கு வந்து சேர்ந்தவை யாவும் அமானிதம். எல்லாவற்றையும் நம்மால் காக்க முடியாது. ஆனால் காக்க முடியாததை உள்ளபடி குறித்து வைப்பது நம் கையில் இருக்கிறது. அதற்கு மூன்று மில்லிமீட்டர் செங்கல்லும் போதும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.