ஐந்தாம் பாகம்

நெடுந்தொடர்கதைகளின் முதற் பாகத்தைப் புகழ்வோர் பலர். இறுதிப் பாகத்தைப் பேசுவோர் சிலர். "பொன்னியின் செல்வன்" படித்தீரோ என்று எவரை வினவினும், ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையிற் குதிரையேறி வரும் காட்சியையே முகமலர்ந்து கூறுவர். ஐந்தாம் பாகமாகிய "தியாகச் சிகர"த்தைப் பற்றிக் கேட்பின், "கதை சடுதியில் முடிந்துவிட்டது" என்று குறைகூறி நிறுத்துவர். அக்குறை நேரியதன்று என்பதே எனது கருத்து.

இக்குறை புதியதுமன்று. 1950 ஆம் ஆண்டு தொடங்கி 1954 ஆம் ஆண்டு வரை வாரந்தோறும் "கல்கி" இதழில் வெளிவந்த இக்கதை நிறைவெய்தியபோதே, பாத்திரங்களின் பிற்கதையைக் கூறாது விட்டது முறையோ என வாசகர் கேட்டனர். ஆசிரியரும் முடிவுரையொன்று எழுதி அவர்க்கு விடை பகர்ந்தார். அவ்வாண்டு டிசெம்பரில் அவர் மறைந்தார்.

யான் உயர்தர வகுப்பிற் பயின்ற காலத்தில், எங்கள் ஊர் வாசிகசாலையில் நான்கு பாகங்களை ஒரே மூச்சிற் படித்து முடித்தேன். பூங்குழலியின் படகு கோடிக்கரையிலிருந்து நாகத்தீவை நோக்கி வந்த பகுதியைப் படித்தபோது, எங்கள் கடலுக்கே கதை வந்துவிட்டதென்று இறுமாந்தேன். ஆயின் ஐந்தாம் பாகத்தை யாரோ இரவல் கொண்டுபோய்த் திருப்பித் தந்தாரல்லர். பின்னர்ப் போர் வந்தது. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்து மக்களோடு யாமும் இடம்பெயர்ந்தோம். வாசிகசாலையும் இல்லை, நூல்களும் இல்லை. ஐந்தாம் பாகம் என் கைக்கு எட்டியபோது எனக்கு ஐம்பது வயதாகிவிட்டது.

பதினெட்டு வயதிற் படித்திருப்பின், யார் யாரை மணந்தார் என்பதொன்றையே தேடியிருப்பேன். மணிமேகலையின் முடிவு கண்டு ஆசிரியர்மேற் சினந்திருப்பேன். ஐம்பது வயதில் வேறொன்று கண்ணிற் பட்டது. ஊரெல்லாம் விரும்பிய முடியை, அருள்மொழிவர்மன் தன் கையால் எடுத்து, பூக்கட்டி வாழ்ந்த சேந்தன் அமுதனுக்குச் சூட்டுகிறான். யாம் இழந்தவர்கள், அவனோ கொடுத்தவன். இழத்தல் வேறு, துறத்தல் வேறு. பறிபோனதை எண்ணி அழுவதற்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கையிலிருப்பதை முகங்கோணாது கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பதற்கே கல்வி வேண்டும். முதல் நான்கு பாகங்களும் ஆவலை வளர்க்கின்றன. ஐந்தாம் பாகம் அவ்வாவலை அடக்கக் கற்பிக்கின்றது.

"இது கற்பனையன்றோ, வரலாறு வேறன்றோ" என வினவுவோர்க்கு ஒரு சொல். அருள்மொழி தன் சிறிய தந்தைக்கு அரசை விட்டுக்கொடுத்த செய்தியைத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறும். ஆயின் அதே அருள்மொழிதான் 985 இல் இராசராசனாக அரியணையேறியபின், இலங்கையின் வடபகுதியைப் படைகொண்டு வென்றான். இவ்வீழத்து ஊர்களின் வருவாய் தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் சென்றதற்குக் கல்வெட்டுச் சான்றுண்டு. இரண்டாம் பாகத்தில் இலங்கைச் சிங்காதனத்தை அவன் வேண்டாமென மறுப்பது ஆசிரியரின் கற்பனையே. ஒருவன் ஒருமுறை துறந்தமையால் என்றும் துறவியாகிவிடான் என்பதை வரலாறு நமக்கு நினைவூட்டுகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவனே நன்கு படித்தவனாவான்.

இனி எம்மவர்க்கு ஒரு வார்த்தை. கோயிற் பரிபாலன சபையாயினும், சனசமூக நிலையமாயினும், பழைய மாணவர் சங்கமாயினும், ஒருமுறை அமர்ந்த கதிரையை விட்டெழ மனமில்லாதோர் நம்மிடையே உளர். அவருள் யானும் ஒருவன். ஒரு சபையிற் பதினான்கு ஆண்டுகள் பொருளாளனாயிருந்து, என்னையன்றிக் கணக்கெழுத ஆளில்லையென்றே நம்பியிருந்தேன். ஐந்தாம் பாகத்தைப் படித்து முடித்த ஆண்டின் பொதுக்கூட்டத்தில், கணக்குப் புத்தகத்தை ஓர் இளைஞரிடம் ஒப்படைத்தேன். அவர் என்னினும் செம்மையாக எழுதுகின்றார். முதலில் அது சற்றே வருத்தந் தந்ததென்பதையும் மறைக்க விரும்பவில்லை.

மாணவத் தம்பிமாரே! 2022 இலும் 2023 இலும் வெளிவந்த திரைப்படங்களைக் கண்டு கதையறிந்தோமென அமையற்க. திரையில் முடிபெறுபவன் நூலில் முடிபெறும் சேந்தன் அமுதன் அல்லன். பூக்குடலை ஏந்திய கைக்கு முடி வந்து சேரும் அழகை நூலிலேயே காணலாம். ஐந்தாம் பாகம்வரை பொறுமையோடு படியுங்கள். படித்தபின், இரவல் வாங்கிய நூலைத் தவறாது திருப்பிக் கொடுங்கள். அதற்காக முப்பதாண்டு காத்திருப்பவன் ஒருவன் எங்கேனும் இருப்பான்.