அபாய வேளையில் ஆணையிடுவார் யார்?

தீயோ நஞ்சோ வெள்ளமோ நேர்ந்தவிடத்து உதவிக்கு ஓடிவருவோர் பலராயிருத்தல் நன்றே. அப்பலரையும் ஒருவழிப்படுத்துவார் இலராயின் என் பயன்? இராயபுரம் முதல் எண்ணூர் வரை ஆலைகளும் கடலும் நெருங்கிக் கிடக்கும் வடசென்னையில் வாழ்வார்க்கு இவ்வினா ஏட்டு வினா அன்று.

2017ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் விடியுமுன், எண்ணூர்க் காமராசர் துறைமுகத்திற்கு அணித்தே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்னும் கப்பல்கள் மோதின. சுற்றுச்சூழலுக்குக் கேடில்லை என்று துறைமுகத்தார் முதலில் அறிவித்தனர். கரிய எண்ணெயோ அவ்வறிக்கையைப் படித்து நிற்கவில்லை. தெற்கே மிதந்து திருவொற்றியூர், காசிமேடு கடந்து மெரீனா வரை சென்றது. எர்ணாவூர்த் தூண்டில் வளைவின் கற்களிடையே கூழாய்த் தேங்கியது. உறிஞ்சும் இயந்திரங்கள் அதனை இழுக்கமாட்டாது தடுமாறின. மீனவரும் மாணவரும் பிறரும் வாளியால் அள்ளினர். அவ்வாளியை நகைத்தோர் பலர். நாம் நகையோம்.

திட்டம் இல்லாமையாலோ இந்நிலை? அன்று. எண்ணெய்க் கசிவுக்கென 1996 முதல் தேசியத் திட்டம் உண்டு. ஒருங்கிணைக்கும் பொறுப்பு கடலோரக் காவற்படையினது. துறைமுக எல்லைக்குள் துறைமுகத்தாரது. கரையைத் துப்புரவாக்குதல் மாநில அரசினது. தாளில் எத்துணைத் தெளிவு! ஆயினும் எண்ணெய் எல்லைக்கோடு அறியுமோ? முதல் அறிவிப்பே பிழைபடின் அடுத்தவர் ஆயத்தமாதல் எங்ஙனம்?

2023 டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவையொட்டி, கப்பலிலிருந்து உர ஆலைக்கு அம்மோனியா கொணரும் கடலடிக் குழாய் கசிந்தது. பெரியகுப்பத்தார்க்கு முதற்செய்தி சொன்னது அவர்தம் மூக்கே. மூச்சுத் திணறி இருளில் ஓடினர்.

களத்தில் தலைவர் ஒருவரே இருத்தல் வேண்டும் என்னும் முறை, 1970களில் கலிபோர்னியக் காட்டுத்தீயால் பிறந்தது. அதனைத் தழுவி நம் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் 2010இல் நெறிமுறை வகுத்தது. மாவட்டத்தில் பொறுப்பு ஆட்சியருக்கு. ஒருவரிடம் அதிகாரம் குவிதல் தீது என்பர் சிலர். அமைதிக் காலத்தில் ஒக்கும். குழாய் கசியும் இரவில் ஒவ்வாது. ஆணையிடுவார் இன்னார், அவர் சொல் எவ்வழி வரும் என்பன ஒவ்வொரு குப்பத்தார்க்கும் முன்னரே தெரிந்திருத்தல் வேண்டும். நீரோட்டத்தைக் கண்ணால் அளக்கும் மீனவர் அத்தலைவரின் அருகே அமர்தல் வேண்டும். ஒத்திகையும் அலுவலக அறையில் அன்று, பெரியகுப்பத்து மணலில், நள்ளிரவில் நடத்தப்படுக.