சாவியைக் குடுத்துட்டுக் குடி

போன மாசியில் எங்கள் காலனியில் ஒரு பயலை அடக்கம் பண்ணினோம். இருபத்தி நாலு வயசு. ராத்திரி பத்தரை மணிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில், திருப்பாலைக்குடிப் பக்கமிருந்து உப்பூருக்கு வந்தவன், விளக்கில்லாமல் நின்ற லாரியின் பின்னால் போய் முட்டினான். ஹெல்மெட் வண்டிக் கண்ணாடியில் தொங்கியது. பின்னால் உட்கார்ந்து வந்த மச்சான்காரனுக்குத் தொடை எலும்பு முறிந்தது. ரெண்டு பேரும் குடித்திருந்தார்கள்.

காரியம் முடிந்த மறுவாரம் அவன் ஆத்தா நான் வேலை பார்க்கும் வங்கிக்கு வந்தது. "தம்பி, வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்குதாமுல்ல, அதுல ஏதும் வருமாப்பா?" மஞ்சப்பையிலிருந்து பாலிசித் தாளை எடுத்து நீட்டியது. வாசித்தேன். வண்டிக்குச் சொந்தக்காரன் ஓட்டும்போது விபத்தில் செத்தால் 15 லட்சம். போதையில் ஓட்டியிருந்தால் கிடையாது. சாராய வாசனை என்று ஆஸ்பத்திரிக் காகிதத்தில் எழுதியாகிவிட்டது. வண்டிக் கடனில் இன்னும் பதினெட்டுத் தவணை பாக்கி. கவிதை எழுதுகிறவன் என்று சொல்லித் திரிகிற எனக்கு அந்தத் தாயிடம் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

தோழர்களே, வண்டி நமக்கு வெறும் வண்டி இல்லை. நம் தாத்தன் ஊர்த்தெருவில் செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தவன். நம் அப்பன் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போனவன். அதே தெருவில் உட்கார்ந்தபடியே போகிற முதல் தலைமுறை நாம்தான். அது இன்னும் சிலர் கண்ணை உறுத்துகிறது. 2025 பிப்ரவரியில், பக்கத்துச் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் தலித் கல்லூரி மாணவன் ஒருவனின் கைகளை வெட்டினார்கள். புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று குடும்பம் சொன்னது. வெட்டுக்கும் அஞ்சாமல் ஏறி உட்கார்ந்த வண்டியை ஒரு குவார்ட்டருக்குப் பலி கொடுக்கலாமா?

அவன் செத்த மறுநாள் டீக்கடையில் என்ன பேசினார்கள் தெரியுமா? "காலனிப் பயலுகளுக்குக் கையில காசு வந்தா இப்படித்தான், குடிச்சிட்டு விழுந்து சாவானுக." ஊருக்குள் வீட்டு பிரிட்ஜில் பாட்டில் இருந்தால் அது அந்தஸ்து; நம்மவன் கையில் இருந்தால் அது சாதிக் குணம்! நாளைக்கு ஒருத்தனை அடித்துச் சாலையோரம் போட்டுவிட்டு, குடித்து விழுந்தான் என்று எழுதினாலும் நம்புவதற்கு ஊர் தயாராக இருக்கிறது. அந்தக் கதையை நாமே எழுதிக் கொடுக்க வேண்டாம்.

அரசு யோக்கியமா என்றால், இல்லை. 1983இல் தொடங்கிய டாஸ்மாக், 2003 முதல் சில்லறைக் கடையையும் தானே நடத்துகிறது. விற்பதும் அரசு, வழியில் மறித்து ஊதச் சொல்வதும் அரசு, பத்தாயிரம் அபராதம் போடுவதும் அரசு. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பாமக வழக்கறிஞர் பாலு தொடுத்த வழக்கு அது. அந்தக் கட்சியோடு நமக்குள்ள கணக்கு வேறு, தீர்ப்பு நியாயமானது. மறு வருஷமே சின்ன ஊர்களுக்கு அது 220 மீட்டராகச் சுருங்கியது, நகராட்சி எல்லைக்குள் விலக்கும் கிடைத்தது. சாலையிலிருந்து பெயர்த்த கடைகளைக் குடியிருப்புப் பக்கம் கொண்டுவந்தபோது பெண்கள் திரண்டு மறித்தார்கள். 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் அப்படிப் போராடிய பெண்ணைப் போலீஸ் அதிகாரி கன்னத்தில் அறைந்ததை நாடே பார்த்தது. பல ஊர்களில் கடை கடைசியில் பொட்டக்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பலன்? நடந்து போய்க் குடித்துவிட்டுத் தள்ளாடி நடந்து வந்தவன், இப்போது வண்டியில் போய் வண்டியில் வருகிறான்.

"அளவாத்தான் சாப்பிட்டேன், ஸ்டெடியா இருக்கேன்" என்பான். சட்டம் அனுமதிப்பது 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் வரை. 180 மில்லி குவார்ட்டரில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. அறுபது கிலோ ஆள் ஒருத்தன் அதை முழுசாக அடித்தால் ரத்தத்தில் ஏறுவது சட்ட அளவைப் போல நாலைந்து மடங்கு. அது 30க்கு இறங்க எட்டு மணி நேரமாவது வேண்டும். மோரும் எலுமிச்சையும் கட்டங்காப்பியும் அதை ஒரு நிமிஷம்கூடக் குறைக்காது. கல்லீரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு நொடியில் பதினாறு, பதினேழு மீட்டர் ஓடும். பிரேக்கைப் பிடிக்க அரை நொடி தாமதித்தாலே எட்டு மீட்டர். இருட்டில் நிற்கிற லாரிக்கு அது போதும். அடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குப் போவதற்குள் ரத்தம் எல்லாம் சாலையிலேயே போய்விடுகிறது.

இதை எழுதுகிற நான் குடிக்காத உத்தமன் இல்லை. அன்று சாயங்காலம் அதே பாரில் நானும் இருந்தேன். கிளம்பும்போது "பாத்துப் போடா" என்றேன். "சரிண்ணே" என்றான். சாவியை வாங்கி வைத்திருக்கலாம். வாங்கவில்லை. வாங்கினால் கோபித்துக்கொள்வான் என்று நினைத்தேன். இன்றைக்கு அவன் கோபப்பட உயிரோடு இல்லை.

1956இல் நாக்பூரில் பௌத்தம் ஏற்றபோது பாபாசாகேப் மக்களுக்குக் கொடுத்த 22 உறுதிமொழிகளில் மது அருந்த மாட்டேன் என்பதும் ஒன்று. அந்த உயரத்துக்கு நாம் நாளைக்கே போய்விடப் போவதில்லை. போக முடிந்தவர்கள் போங்கள். முடியாதவர்களுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு: கல்யாணமோ கருமாதியோ பொங்கலோ, பாட்டிலைத் திறப்பதற்கு முன்னால் சாவி குடிக்காத ஒருத்தன் கைக்குப் போக வேண்டும். இதையும் பெண்கள் தலையில் கட்டாதீர்கள். அவர்கள் சுமப்பது போதும். ஆம்பளைகள் நாமே செய்வோம். செப்டம்பர் 11 அன்று இம்மானுவேல் சேகரனுக்கு வீரவணக்கம் செலுத்தப் பரமக்குடிக்கு வண்டி கட்டிப் போகிற பயலுகளிடமிருந்தே தொடங்குவோம். அன்றைக்கு ஒருத்தன் வாயிலும் வாடை இருக்கக் கூடாது.

எங்கள் காலனியில் இப்போது ஒரு பிஸ்கட் டப்பா வைத்திருக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை அதில் மூன்று சாவி விழுந்தது. ஒருத்தன் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே போட்டான். திட்டட்டும். காலையில் வந்து அவனே வாங்கிக்கொண்டு போனான்.