எரிக்கப்படுகிறவள்

நன்மை தீமையை வென்றுவிட்டது என்ற செய்தியோடு முடிகிறது பைபிள். அதன் கடைசிப் புத்தகத்தை புராட்டஸ்டண்டுகள் வெளிப்படுத்தின விசேஷம் என்பார்கள். கத்தோலிக்கர்கள் திருவெளிப்பாடு என்பார்கள். இனி சாவு இல்லை, துக்கம் இல்லை, கண்ணீரெல்லாம் துடைக்கப்படும் என்ற அதன் வாக்குறுதி எத்தனையோ சாவு வீடுகளில் நம் பெண்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கிறது. அந்த ஆறுதலோடு எனக்குச் சண்டை இல்லை. அந்த வெற்றி யாருடைய உடலின்மீது கொண்டாடப்படுகிறது என்பதுதான் என் கேள்வி.

இந்தப் புத்தகத்தில் முக்கியமாக நான்கு பெண்கள் வருகிறார்கள். முதலாமவள் தியத்தீரா சபையில் போதித்த ஒரு தீர்க்கதரிசினி. அவளுடைய சொந்தப் பெயர்கூட நமக்குத் தரப்படவில்லை. யேசபேல் என்ற வசைப்பெயரே மிஞ்சியிருக்கிறது. இரண்டாமவள் சூரியனை உடுத்தியவள். பிரசவ வேதனையில் அலறுகிறாள், பிள்ளையைப் பெற்றதும் அது எடுத்துக்கொள்ளப்படுகிறது, 1260 நாள் வனாந்தரத்தில் ஒளிந்திருக்கிறாள். மூன்றாமவள் மகா வேசி பாபிலோன். நான்காமவள் மணமகள், புதிய எருசலேம். வேசி, தாய், மணமகள்: மூவரையும் படுக்கையை வைத்தே அளக்கிறது பிரதி. வாயைத் திறந்து போதித்த ஒருத்தியையும் விபசாரக் குற்றச்சாட்டோடு படுக்கையில் தள்ளியே தண்டிக்கிறது.

ஆட்டுக்குட்டியானவரோடு நிற்கும் 1,44,000 பேர் யார்? பெண்களால் தங்களைக் கறைப்படுத்திக்கொள்ளாதவர்கள் என்று 14ஆம் அதிகாரம் சொல்கிறது. பெண் என்பவள் அங்கே ஆணின்மேல் படியும் அழுக்கு.

‘இதெல்லாம் உருவகம், பாபிலோன் என்றால் ரோமாபுரி’ என்று பதில் வரும். உண்மைதான். முதலாம் நூற்றாண்டின் இறுதியில், பேரரசின் காலடியில் நசுங்கிய சிறு சபைகளுக்காக எழுதப்பட்ட புத்தகம் இது. ரோமின் சரக்குப் பட்டியலை, பொன்னில் தொடங்கி அடிமைகளின் உடல்வரை, 18ஆம் அதிகாரம் அடுக்கிக் காட்டுவதைப்போல் பேரரசின் பொருளாதாரத்தைத் தோலுரித்த எழுத்து அன்று அரிது. நிறவெறி ஆட்சியை எதிர்த்த தென்னாப்பிரிக்காவின் ஆலன் போசாக் இதைப் போராட்ட நூலாகவே வாசித்தார். எலிசபெத் ஷூஸ்லர் ஃபியொரென்ஸாவும் நீதிக்கான கூக்குரலை இதில் கேட்டார்.

ஆனால் உருவகத்துக்கும் அரசியல் உண்டு. படையெடுத்தவன், வரி பிடுங்கியவன், அடிமைகளை விற்றவன் எல்லாம் ஆண். எரிவது மட்டும் ஏன் பெண்ணுடல்? 17ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்களை நிதானமாகப் படியுங்கள். அவளோடு கூடிக் குலாவிய அதே அதிகாரம்தான் அவளை நிர்வாணமாக்கி, மாம்சத்தைத் தின்று, தீயிட்டுக் கொளுத்துகிறது. அந்த எண்ணத்தை அவர்கள் மனதில் வைத்தவர் கடவுள் என்கிறது பிரதி. அரசர்களும் பின்னால் தண்டிக்கப்படுகிறார்கள்தான். ஆனால் போர்க்களத்தில், வாளால். அவர்களை யாரும் உரிந்து நிறுத்துவதில்லை. வியாபாரிகளோ தூர நின்று அழுவதோடு தப்பிக்கிறார்கள். அவளை எரிக்கும் புகை எழும்போது பரலோகம் அல்லேலூயா பாடுகிறது. இந்த வன்மத்தை உருவகம் என்று கடந்துபோக முடியாது என்று டினா பிப்பின் வாதிட்டது சரி.

உருவகம் புத்தகத்துக்குள்ளேயே அடங்கிக் கிடப்பதுமில்லை. பொன்னும் முத்தும் அணிந்தவள் பாபிலோன். நகை போட்ட பெண்ணுக்கு இன்றும் யேசபேல் என்ற ஏச்சு விழுகிறது. ஆனால் புதிய எருசலேமின் வீதி பொன், வாசல்கள் முத்து! நகரத்தின் மேலிருந்தால் மகிமை, பெண்ணின் கழுத்திலிருந்தால் வேசித்தனம்.

இதைவிடப் பெரிய கேடு, தள்ளிப்போடுதல். அடிவாங்கி வந்தவளிடம் ‘பொறுத்துக்கொள் மகளே, கர்த்தர் நியாயம் தீர்ப்பார்’ என்று சொல்லும் ஆயர், கடைசி நாளை அவளுடைய கணவனுக்கு ஜாமீனாகக் கொடுக்கிறார். 1869ஆம் ஆண்டு இந்திய விவாகரத்துச் சட்டப்படி, கிறிஸ்தவக் கணவனுக்கு மனைவியின் விபசாரம் ஒன்றே போதும். மனைவியோ விபசாரத்தோடு கொடுமை, கைவிடுதல் போன்ற இன்னொன்றையும் நிரூபித்தாக வேண்டும். அடி உதை மட்டும் போதாது. இது திருந்த 2001 ஆகிவிட்டது. உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சொத்தில் மகளுக்கு மகன் பங்கில் கால்பாகம் அல்லது 5000 ரூபாய், எது குறைவோ அது என்றது திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம். மேரி ராய் எக்காளம் முழங்கும்வரை காத்திருக்கவில்லை. உச்ச நீதிமன்றம் போனார், 1986இல் வென்றார். தீமைமீது நன்மை பெற்ற அந்த வெற்றிக்கு எதிர்ப்பு எங்கிருந்து வந்தது? சபைகளுக்குள்ளிருந்தும்தான்.

நீதிக்கு ஏங்குவதை நாம் விட வேண்டியதில்லை. அதை வானத்துக்கு நாடு கடத்துவதைத்தான் மறுக்க வேண்டும். பெண்கள் ஐக்கியக் கூட்டங்களில் 21ஆம் அதிகாரத்தோடு 17ஆம் அதிகாரத்தையும் உரக்க வாசிப்போம். எரிகிறவள் யார், எரிக்கிறவன் யார் என்று கேட்போம். புகாரோடு வரும் பெண்ணை நியாயத்தீர்ப்பு நாளுக்கு அனுப்பிவைக்கும் சபைக் கமிட்டியிடம், இந்த வாரம் என்ன செய்யப்போகிறீர்கள் என்று எழுத்தில் கேட்போம். கண்ணீரைத் துடைப்பது கடவுளின் வேலையாகவே இருக்கட்டும். அடிக்கிற கையைப் பிடிப்பது நம்முடையது.